ஒரு நொடி ஓசை! கூலி யாருக்கு?

கீபோர்டில் ஏறும் நீலகிரிச் சத்தங்கள்

ஒரே ஒரு நொடி போதும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பெரியவர் 'கொள்' என்ற குழலை எடுத்து ஊதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு மைக். பிடித்த ஓசையைக் கம்ப்யூட்டரில் போட்டு, கீபோர்டின் கட்டைகளில் ஏற்றியாச்சு. அதற்கு அப்புறம் அந்தப் பெரியவர் தேவையில்லை. சென்னையிலோ லண்டனிலோ யாராவது கட்டையைத் தட்டினால் நீலகிரிக் குழல் ஊதும். சினிமாப் பாட்டில் ஊதும். சோப்பு விளம்பரத்திலும் ஊதும்!

இதற்குப் பெயர் 'சாம்பிள்'. ஜவுளிக் கடையில் துணியின் மூலையை வெட்டிக் காட்டுவார்களே, அதே சொல்தான். ஆனால் அந்தத் துண்டை வைத்துச் சட்டை தைக்க முடியாது. இந்தத் துண்டை வைத்து ஆயிரம் சட்டை தைக்கலாம்.

தைத்து விற்கிறவருக்குக் காசு வரும். ஊதினவருக்கு?

ரெடிமேடு ஓசை

இந்தக் கேள்விக்குப் போகும் முன், கீபோர்டுக்குள் ஓசை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். வழி இரண்டு.

முதல் வழி, ஒன்றுமில்லாததில் இருந்து ஓசையைச் செய்வது. மின்சாரத்தை நொடிக்கு இத்தனை தடவை என்று துடிக்க விடுவார்கள். 440 தடவை துடித்தால் ஒரு சுரம். 880 தடவை துடித்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில். இதைச் சல்லடையில் சலிப்பது போலச் சலித்து, வேண்டாத கீச்சொலியை நீக்குவார்கள். பிறகு உருவம் கொடுப்பார்கள். ஓசை மெல்ல எழுந்து நின்றால் வயலின் ஜாடை. சட்டென்று எழுந்து தேய்ந்தால் வீணை ஜாடை. இதைச் செய்யும் எந்திரம்தான் சின்தசைசர். அமெரிக்காவின் ராபர்ட் மூக் 1964-இல் இதற்கு வழி காட்டினார்.

1983-இல் ஜப்பானின் யமஹா கம்பெனி 'டி.எக்ஸ்.7' என்ற கீபோர்டை விட்டது. சக்கைப் போடு போட்டது! ஆனால் அதில் புது ஓசை செய்வது தலைவலி பிடித்த வேலை. அதனால் பலர் கம்பெனி வைத்துக் கொடுத்த ஓசையையே வாசித்தார்கள். அமெரிக்கப் பாட்டிலும் அதே பியானோ, ஐரோப்பியப் பாட்டிலும் அதே பியானோ. ரெடிமேடு சட்டை போட்டால் தெருவில் நாலு பேர் அதே சட்டையில் வருவார்கள் இல்லையா? அந்தக் கதைதான்.

"எனக்கென்று ஒரு ஓசை வேண்டும்" என்று இசைக்காரர்கள் அலைவது இதனால்தான். அங்கேதான் இரண்டாவது வழி வருகிறது. வெளியே இருக்கும் ஓசையை அப்படியே பிடித்து வருவது. சாம்பிள்!

முதலில் மாட்டியது ரயில்

இப்படிப் பிடித்த ஓசையை வைத்தே இசை கட்ட முடியும் என்று காட்டியவர் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேபர். ஆண்டு 1948. அவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு போன இடம் ரயில் நிலையம்! எஞ்சின் பெருமூச்சு, விசில், சக்கரத்தின் 'தடக் தடக்' எல்லாவற்றையும் இசைத்தட்டில் பதிந்தார். ஊசி ஒரே வட்டத்தில் சுற்றுகிற மாதிரி தட்டைச் செய்து, ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டார். இன்று 'லூப்' என்கிறார்களே, அதன் பாட்டன் இதுதான்.

நீலகிரிக்கும் ஒரு ரயில் இருக்கிறது. சாதாரண ரயில் அல்ல. மேட்டுப்பாளையத்தில் புறப்படும் நீராவி எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். கல்லாறு வரை இரண்டுதான் வேலை செய்யும். அங்கே இருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் தண்டவாளம். பல்லில் பல் கவ்வியதும் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். உடனே சத்தமே மாறிப் போகும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கூட மலை ஏறத் தொடங்கியாச்சு என்று தெரிந்துவிடும். குன்னூரில் இருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்சின் இழுக்கும்போது அது வேறு தாளம்.

சினிமாக்காரர்களுக்கு இந்த ரயில் மேல் ஒரு கண். 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது. 'தில் சே' (1998) படத்தில் ரயில் கூரை மேல் ஆடினார்களே, அதுவும் இந்த ரயில்தான்.

ரயில் மட்டுமா? தேயிலை பேக்டரியின் சங்கு, இலை வாட்டும் காற்றாடியின் ரீங்காரம், உருட்டும் மெஷினின் கரகரப்பு என்று ஓசை பொறுக்குபவருக்கு நீலகிரி ஒரு சந்தை. பேக்டரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால், இதில் எதற்கும் பெரிய வம்பு கிடையாது. எஞ்சினுக்குக் குடும்பம் இல்லை. மெஷினுக்கு முன்னோர் இல்லை.

மனிதர் ஊதும் ஓசைக்கு இரண்டும் உண்டு.

இந்தியாவுக்கு வந்த கதை

இந்தியாவில் இந்த எந்திர இசை பம்பாய் சினிமாவில் தொடங்கவில்லை. ஆமதாபாத்தில் தொடங்கியது! அங்குள்ள தேசிய வடிவமைப்புக் கல்லூரியில் 1969-இல் ஒரு மூக் சின்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவித் தந்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் புதுப் புது ஓசை செய்து டேப்பில் பதிந்தார்கள். அந்த டேப்புகள் பல ஆண்டு கண்ணில் படாமல் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

தமிழில் இளையராஜா 'புன்னகை மன்னன்' (1986) படத்துக்குக் கம்ப்யூட்டரை வைத்து இசை அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர்.ரகுமானின் கீபோர்டு ஓசை வீட்டுக்கு வீடு நுழைந்தது.

மெஷினும் மாறியது. 1979-இல் ஆஸ்திரேலியாவில் வந்த 'பேர்லைட்' சாமானியர் கிட்டே நெருங்க முடியாத விலை. இன்றைக்கோ அதே வேலையைக் கையில் இருக்கும் போனே செய்யும். சி.டி. தரத்தில் ஒரு நொடி ஓசையை 44,100 துண்டாக அளந்து எண்ணாக்கி வைத்துக்கொள்ளும். மைக் வைத்திருப்பவர் எல்லாம் ஓசை வேட்டைக்காரர் என்று ஆகிப்போச்சு.

சாமிக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று

இப்போது கோத்தர் கதைக்கு வருவோம். கோத்தகிரி என்ற பெயரிலேயே இருப்பவர்கள் இவர்கள். நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் சிறிய சமூகம். இரும்பு அடிப்பது, மரம் இழைப்பது, பானை வனைவது எல்லாம் இவர்கள் கைவேலை. தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர் வாத்தியம்தான் ஒரு காலத்தில் முழங்கியது. 1930-களில் படகர் ஊர்களில் அந்த வழக்கம் நிற்கத் தொடங்கியது.

கொள் குழலோடு உருளை மேளம், தப்பு போன்ற மேளம், வளைந்த பித்தளைக் கொம்பு எல்லாம் சேரும். கொள் ஊதுபவர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க மாட்டார். கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் இழுப்பார். ஓசை அறுபடாது. அந்தச் சுரங்கள் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைக்குள் சரியாக உட்காராது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே நிற்கும்.

இதைச் சாம்பிள் எடுப்பவர் என்ன செய்வார்? ஒரு சுரத்தைப் பிடித்து, மேலே வேண்டும் என்றால் வேகத்தைக் கூட்டுவார். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஓசை ஒரு ஸ்தாயி மேலே ஏறும். நீளம் பாதியாகும். கூடவே பெரியவர் ஊதியது குழந்தை கீச்சிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் நல்ல வேலைக்காரர் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே, மெல்ல ஊதியது, உரக்க ஊதியது என்று பலமுறை பதிவார். மணிக்கணக்கில் ஆள் உட்கார்ந்து ஊத வேண்டும்.

இதை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது.

கோத்தர் மொழியில் 'கொள்' என்றால் குழல். மெட்டுக்கும் அதே பெயர். சாமிக்கு ஊதுவது 'தேவ்ர் கொள்'. ஆட்டத்துக்கு 'ஆட் கொள்'. சாவுக்கு 'தாவ் கொள்'. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஊதக் கூடாது. சாமி மெட்டு சாவு வீட்டில் கேட்காது. சாவு மெட்டு கோவிலில் கேட்காது. அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் உல்ப் 1990-களில் கோத்தர் ஊர்களில் தங்கி, இதை எல்லாம் கேட்டறிந்து ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்.

கீபோர்டுக்கு இது தெரியுமா? 'நீலகிரிக் குழல் - 3' என்று ஒரு பெயர் வைத்து மெட்டுத் துண்டை ஏற்றிவிட்டால், அது எழவு வீட்டு மெட்டு என்று எவருக்குத் தெரியும்? கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னே போட்டுவிடுவார்கள். கேட்கிறவருக்கு "ஆகா!" என்று இருக்கும். கோத்தர் ஒருவர் காதில் விழுந்தால்?

தைவான் பெரியவர் வழக்கு

இது வெறும் கற்பனை பயம் அல்ல. தைவானில் அமிஸ் என்ற பழங்குடி. அதில் டிபாங் என்ற பெரியவரும் அவர் மனைவி இகாயும் 1988-இல் பிரான்சில் பாடினார்கள். அங்கே அது பதிவானது. சில ஆண்டு கழித்து 'எனிக்மா' என்ற ஐரோப்பிய இசைக் குழு அந்தக் குரலை எடுத்துத் தன் பாட்டில் வைத்தது. உலகம் பூராவும் ஓடிய பாட்டு! 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் ஒலித்தது. பாடின தம்பதிக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. பிறகு வழக்குப் போட்டார்கள். 1999-இல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது.

நம்ம ஊர் ஓசையும் வெளிநாடு போகாமல் இல்லை. 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் துண்டு, 2003-இல் 'பிளாக் ஐட் பீஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டில் வந்தது. தமிழ்நாட்டில் கேட்டவர்கள் சட்டென்று கண்டுபிடித்தார்கள். இளையராஜாவுக்கு அந்தப் பலம் உண்டு. மலை மேல் ஊதும் பெரியவருக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு முதல் சொந்தக்காரர் அதைத் தயாரித்தவர். உரிமை 60 ஆண்டு. வாசித்தவருக்கு என்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. அது 50 ஆண்டு. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி போனது. வாசித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஓசையைக் கெடுத்து அவர் பெயரைக் கெடுத்தால் அவர் தடுக்கலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியில் பங்கும் கேட்கலாம்.

ஆக, ஊதின ஆளுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரு நொடி ஓசையை 'நிகழ்ச்சி' என்று சொல்லலாமா என்று வக்கீல்கள் வாதாட இடம் உண்டு. அந்த மெட்டைக் காலம் காலமாகக் காத்த ஊருக்கு, ஊர் என்ற முறையில் காப்புரிமை கிடையாது.

தோடர் பூ வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரித் தேயிலைக்கும் உண்டு. வேறு ஆள் பூ வேலை செய்த துணியைத் தோடர் துணி என்று விற்றால் கேட்க ஆள் உண்டு. ஆனால் அந்தக் குறியீடு சரக்குக்குத்தான். காற்றில் போகும் ஓசைக்கு இல்லை.

ஆகையால் மைக் எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறவர் செய்ய வேண்டியது நாலே காரியம். முதலில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும்; எதைப் பதியலாம், எதைப் பதியக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். ஊதுபவருக்கு அன்றைய கூலியைக் கையில் கொடுக்க வேண்டும். ஓசை விற்றால் இத்தனை பங்கு என்று தாளில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வாசித்தவர் பெயர், ஊர், எந்தச் சடங்கின் மெட்டு என்பதையும் சேர்த்து ஏற்ற வேண்டும்.

இதற்கு எல்லாம் ஆகும் செலவு ஒரு நல்ல மைக்கின் விலை கூட வராது. அந்த ஒரு தாள் இருந்தால், லண்டனில் கட்டையைத் தட்டும்போது கோத்தகிரியில் ஒரு வீட்டுக்கும் காசு போய்ச் சேரும்.