தலைப்பெழுத்தும் அதன் உள்வெளியும்

எழுத்தென்பது ஒலியின் வரிவடிவம் என்று கற்கிறோம், கற்பிக்கிறோம். ஆயினும், ஒரே எழுத்து நூலின் பக்கத்தில் ஒரு தோற்றமும் சுவரொட்டியில் வேறொரு தோற்றமும் கொள்வது ஏன் என்று நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. அமர்ந்து படிப்போருக்கு உரியது ஓர் எழுத்து. நடந்து செல்வோரை நிறுத்துவதற்கு உரியது மற்றோர் எழுத்து. பின்னதைத் தலைப்பெழுத்து எனலாம். அவ்வகையில் உலகெங்கும் பரவிய ‘இம்பாக்ட்’ என்னும் ஆங்கில எழுத்துருவை முன்வைத்து, தலைப்பெழுத்தின் இயல்பையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

உரோமன் எழுத்துகளின் கோடுகள் முடியும் இடங்களில் சிறு குறுக்குக் கோடுகள் அமைவதுண்டு. அவற்றைச் ‘செரிஃப்’ என்பர். அவை நீங்கிய எழுத்தே ‘சான்ஸ் செரிஃப்’. உரோமன் அச்செழுத்தில் இவ்வகையை முதன்முதல் தம் மாதிரி ஏட்டில் காட்டியவர் இலண்டனைச் சேர்ந்த நான்காம் வில்லியம் காஸ்லன், ஆண்டு 1816. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. ‘சான்ஸ் செரிஃப்’ என்னும் பெயரை 1832இல் வின்சென்ட் ஃபிகின்ஸ் வழங்கினார்.

அது தொழிலும் வணிகமும் பெருகிய காலம். விளம்பரத் தாள்கள் சுவர்களை நிறைத்தன. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பார் மர எழுத்துகளை இயந்திரத்தால் செதுக்கும் முறையைக் கண்டார். ஈயத்தில் வார்த்தால் பெரும் பளுவாகும் எழுத்துகள் மரத்தில் எளிதாயின. எனினும் தாளின் அகலம் வரையறைக்கு உட்பட்டது. அதற்குள் ஒரு சொல்லை உயரமாக நிறுத்த வேண்டுமாயின் எழுத்து ஒடுங்க வேண்டும். ஒடுங்கியும் தொலைவிலிருந்து தெரிய வேண்டுமாயின் தடிக்க வேண்டும். இத்தேவையே தடித்து ஒடுங்கிய தலைப்பெழுத்தைப் பெற்றெடுத்தது.

காஸ்லனின் வார்ப்பகம் 1819இல் ஷெஃபீல்டு நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனமே பின்னாளில் ‘ஸ்டீஃபன்சன் பிளேக்’ எனப் பெயர் பெற்றது. இம்பாக்ட் எழுத்தை 1965இல் உலோகத்தில் வார்த்து வெளியிட்டதும் அதுவேயாகும். வடிவமைத்தவர் விளம்பரத் துறையில் பணியாற்றிய ஜெஃப்ரி லீ. குறித்த அளவுக்குள் இயன்றவரை மிகுதியான மையைத் தாளில் பதிப்பதே அவர் நோக்கம். அதற்கென அவர் சிறிய எழுத்துகளின் உடலைப் பெரிய எழுத்துகளின் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கிற்கு உயர்த்தினார்; மேலே நீளும் கோடுகளைக் குறுக்கினார்; கீழே இறங்கும் வால்களை இன்னும் குறுக்கினார்; எழுத்துகளை நெருங்கி நிற்கச் செய்தார்.

ஈய எழுத்தின் காலம் மறைந்த பின்னரும் இவ்வெழுத்து மறையவில்லை. 1996இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இணையத்திற்கென இலவசமாக வழங்கிய எழுத்துருக்களுள் இதுவும் ஒன்று. பின்னர் இணையத்தில் பரவிய வேடிக்கைப் படங்களின் மேல், கருங்கரையிட்ட வெள்ளை எழுத்தாக இது இடம்பெற்றது. எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் தெளிவாகத் தெரியும் அதன் தடிமனே இதற்குக் காரணம் எனலாம்.

இத்தடிமன் எங்கிருந்து வந்தது? எழுத்தின் உள்ளிருக்கும் வெள்ளிடத்திலிருந்தே வந்தது. அவ்வுள்வெளி மெல்லிய பிளவாகச் சுருங்கியதால்தான் கருமை மிகுந்தது. பெரிய அளவில் அப்பிளவு கண்ணுக்குத் தெரியும். சிறிய அளவில் மை பரவி அது அடைபடும். எழுத்தும் எழுத்தும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே நான்கைந்து சொற்களுக்குப் பொருந்தும் இவ்வெழுத்து நான்கைந்து பத்திகளுக்குப் பொருந்தாது. குறை எழுத்தினுடையதன்று, இடமறியாது ஆள்வோருடையது.

தமிழெழுத்துக்கு இம்முறையை அப்படியே பொருத்த இயலுமா என்பது நாம் சிந்திக்க வேண்டிய வினா. நம் எழுத்தில் வேறுபாடு பெரும்பாலும் சுழியில் உள்ளது. இருசுழி னகரத்துக்கும் முச்சுழி ணகரத்துக்கும் இடையே இருப்பது ஒரு சுழியே. அது மையில் அடைபட்டால் மனம் எது, மணம் எது? ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பதும் ஒரு சிறு சுழிதான். அது மங்கினால் கட்டணம் செலுத்தக் ‘கெடு’ என்று எழுதிய அறிவிப்பைக் ‘கேடு’ என்று படிக்க நேரும். மேலும், புள்ளியும் இகர ஈகார விலங்குகளும் மேலே இடம் கேட்கின்றன. உகர ஊகாரக் குறிகள் பல கீழே இடம் கேட்கின்றன. இம்பாக்டில் லீ செய்ததுபோல் மேலும் கீழும் குறுக்கிவிட இங்கு இடமில்லை. தமிழில் தடித்து ஒடுங்கிய எழுத்து ஆகாது என்பது நம் கருத்தன்று. தடிக்கும்போது சுழியின் உள்வெளியைக் காத்தே தடிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இன்று கணிப்பொறியின் துணையால் மாணவர் யாவரும் அச்சுக்கோப்பவர் ஆகிவிட்டனர். துறை விழா அழைப்பிதழையும் அறிவிப்பையும் அமைக்கும்போது, தலைப்பைத் தலைப்பெழுத்திலும் செய்தியைப் படிப்பெழுத்திலும் அமைத்தல் வேண்டும். அனைத்தையும் தடித்த எழுத்தில் அமைத்தால் எதுவும் தனித்துத் தெரியாது. அவையில் எல்லாரும் உரக்கப் பேசினால் ஒருவர் பேச்சும் கேளாதது போலவே அது முடியும். அச்சுக்கு அனுப்புமுன் இறுதி அளவிலேயே ஒரு படி எடுத்து, ணகரத்தின் மூன்று சுழியும் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுதல் நன்று. கருங்கோட்டில் மட்டுமன்று, அது சூழ்ந்து நிற்கும் வெண்மையிலும் எழுத்தின் பொருள் வாழ்கிறது என்பதை நினைவில் கொள்வோமாக.