விருந்தாளி வீட்டு விருந்தாளி



'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தொடக்கத் திருச்சபையின் 'திதாகே' என்னும் பழைய ஏடும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. வழிப்போக்கராக வரும் சகோதரரை ஏற்று உபசரியுங்கள். ஆனால் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள், அதற்கு மேல் தங்க விரும்பினால் அவர் உழைத்துச் சாப்பிடட்டும் என்பது அதன் அறிவுரை. ஆனால் இன்று நண்பனைப் பார்க்கத் துபாய்க்கு விமானம் ஏறுகிறவரின் கையில் இருப்பதோ முப்பது நாள், அறுபது நாள் விசா! இந்த நீண்ட விருந்தைப் பற்றித்தான் இன்று நாம் சற்று சிந்திக்கிறோம்.

அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், விக்கிரமசிங்கபுரம் என்று நம் பகுதியில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடாவில் ஒரு பிள்ளை இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் அனுப்பும் புகைப்படங்களில் உயர்ந்த கட்டடம் தெரிகிறது, அகன்ற சாலை தெரிகிறது. படுக்கிற கட்டில் தெரிவதில்லை. நண்பர்கள் கிளம்புவது அந்தப் புகைப்படத்தை நம்பித்தான். "அவன்தான் அங்கே இருக்கானே, தங்குறதுக்கு என்ன கவலை?" என்கிறோம்.

கவலை இருக்கிறது. குறைந்த சம்பளக்காரர் பலர் துபாயில் வீட்டை வாடகைக்கு எடுப்பதில்லை, கட்டிலை எடுக்கிறார்கள். 'பெட் ஸ்பேஸ்' என்பது அதற்குப் பெயர். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள், கட்டிலைச் சுற்றி ஒரு துணித் திரை, கட்டிலுக்கு அடியில் பெட்டி. குளிக்க வரிசை, சமைக்க முறை. நிறுவனம் தரும் முகாமில் இருப்பவர்களுக்கு வாடகைச் செலவு இல்லை. ஆனால் வெளியாட்களை அங்கே இரவு தங்க வைக்கப் பொதுவாக அனுமதியும் இல்லை. ஒரு வீட்டில் குடியிருக்கும் அனைவரின் பெயரையும் பதிவு செய்யவேண்டும் என்று 2022 செப்டம்பரில் துபாய் நிலத்துறை உத்தரவிட்டது. பலகை வைத்துத் தடுத்துப் பல பேரைக் குடிவைத்த அறைகள்மீது 2025 ஜூனில் மாநகராட்சி நடவடிக்கை எடுத்தது. தீவிபத்து நேர்ந்தால் பலர் சாவார்கள் என்பது அதற்கான காரணம். அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டில்காரர் தன் நண்பனை எங்கே படுக்க வைப்பார்?

ஒரு மாதத்துக்கு வேறொரு கட்டிலைப் பேசிக் காசு கட்டுவார். அல்லது தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரிப்பார். அல்லது இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். நண்பன் இரவில் தூங்க, இவர் பகலில் தூங்குவார். அறையில் உள்ள மற்றவர்களிடம் முன்கூட்டியே கெஞ்சி வைத்திருப்பார். இதில் ஒன்றுகூட நண்பனுக்குச் சொல்லப்படாது! நம் ஊர்க்காரர் விருந்தாளியிடம் கணக்குப் பேசமாட்டார்.

சட்டம் இந்த நட்பை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? ஐக்கிய அரபு அமீரகம் 2025 செப்டம்பரில் அறிவித்த விதிகளின்படி, நெருங்கிய இரத்த உறவினரைத் தன் பொறுப்பில் அழைக்க மாதம் 4,000 திர்ஹம் வருமானம் வேண்டும். அடுத்த நிலை உறவினர் என்றால் 8,000. நண்பர் என்றால் 15,000! ஒரு கட்டடத் தொழிலாளிக்குப் பல மாதச் சம்பளம் சேர்ந்தால்தான் அந்தத் தொகை வரும். எனவே நண்பர்கள் பயண முகவர் வழியாகச் சுற்றுலா விசாவில் போகிறார்கள். காகிதத்தில் பொறுப்பு முகவருக்கு. நாள் கடந்து தங்கினால் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். அதைக் கட்டப்போவது யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பார்ப்பது நல்லது. நாம் 'பங்கு' என்று அழைக்கும் அமைப்புக்குக் கிரேக்கத்தில் 'பரோய்க்கியா' என்று பெயர். அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'பாரிஷ்' வந்தது. அதன் பொருள், சொந்தமில்லாத ஊரில் அந்நியராகத் தங்கியிருத்தல். தமிழ்ச் சொல்லில் உரிமை ஒலிக்கிறது. மூலச் சொல்லிலோ அந்நியம் ஒலிக்கிறது. எம்மாவு வழியில் சீடர்கள் உயிர்த்த ஆண்டவரை அடையாளம் தெரியாமல், எருசலேமில் நீர் மட்டும்தான் அந்நியரோ என்ற பொருளில் கேட்டபோதும் லூக்கா இதே வேர்ச்சொல்லைத்தான் கையாளுகிறார்.

திருவிவிலியத்தில் விருந்தோம்பலுக்குப் பேர்போனவர்களைப் பாருங்கள். மம்ரேயில் மூன்று பேருக்குக் கன்று அடித்து விருந்து வைத்த ஆபிரகாம் அந்த மண்ணுக்கு அந்நியர். பின்னாளில் மனைவி சாராவை அடக்கம் செய்யக்கூட அவருக்குச் சொந்த இடம் கிடையாது. 400 வெள்ளிக் காசு கொடுத்து வாங்கினார். சோதோமில் விருந்தாளிகளைக் கூரைக்குள் ஏற்றுக் காப்பாற்ற முயன்ற லோத்தை ஊரார் எப்படி ஏசினார்கள்? பிழைக்க வந்தவன் நமக்குத் தீர்ப்புச் சொல்வதா என்றுதான்! கொரிந்து நகரில் பவுலைத் தங்களோடு தங்க வைத்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும், கிளவுதியு பேரரசரின் ஆணையால் உரோமையிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். ஆம், இவர்கள் யாரும் சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருந்துகொண்டு உபசரித்தவர்கள் அல்லர். விருந்தாளியாக இருந்துகொண்டே விருந்து வைத்தவர்கள். நம் துபாய்ப் பிள்ளைகள் இந்த வரிசையில் வருகிறார்கள்.

அக்கிலா வீட்டில் பவுல் சும்மா இருக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அவர்களும் கூடாரம் செய்கிறவர்கள், இவரும் அதே தொழில். உட்கார்ந்து கூடவே தைத்தார். நண்பரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை நமக்குத் தெரியவில்லை. தையல் வேண்டாம், இரண்டாம் நாளே கரண்டியைக் கையில் எடுத்து, அறையில் உள்ள எட்டுப் பேருக்கும் நம் திருநெல்வேலிச் சொதி வைத்துக் கொடுத்தால் போதும். கட்டிலைப் பற்றிய முணுமுணுப்பு பாதி அடங்கிவிடும்.

அதற்கான சாமான்கள் இங்கிருந்துதானே போகின்றன? இங்கே தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. மகனுக்கு அப்பளம் கொடுத்து விடுங்கள், அல்வா கொடுத்து விடுங்கள், கருப்பட்டி கொடுத்து விடுங்கள். கசகசா மட்டும் வேண்டாம். நம் அடுப்படியில் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அதைத் தெரியாமல் கொண்டுபோய்ச் சிறை சென்றவர்கள் உண்டு. மசாலாப் பொடியில் கலந்து அரைத்தாலும் ஆபத்துதான். அதேபோல் கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை போன்றவற்றை அந்நாட்டு அரசின் முன் அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக்கூடாது. அடுத்த தெருக்காரர் கடைசி நேரத்தில் ஓடி வந்து ஒட்டிய பொட்டலம் ஒன்றை நீட்டினால், பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. இது மரியாதைக் குறைவு ஆகாது. விமான நிலையத்தில் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். 'நண்பனைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு வேலை தேடப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சில முகவர்களே அப்படித்தான் அனுப்புகிறார்கள். பார்வையாளர் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். முறையான அனுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024ஆம் ஆண்டுச் சட்டம் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கிறது. ஆகவே மாட்டிக்கொள்ளும்போது எந்த முதலாளியும் 'இவர் என் ஆள்' என்று சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்குப் போக, இந்திய அரசின் குடியேற்ற அனுமதி பெறவேண்டும். அந்த வழியில் போனால் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்ந்து வரும். பார்வையாளராகப் போய் வேலைக்கு ஏறினால் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அறையில் தங்க வைத்த நண்பனையும் சேர்த்தே விசாரிப்பார்கள். லோத்துக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறதல்லவா?

நல்ல மனதோடு போகிறவர்களுக்கு நல்ல நாள்களும் உண்டு. துபாயின் ஊத் மேத்தா பகுதியில் புனித மரியா ஆலயம் இருக்கிறது. அன்றைய ஆட்சியாளர் ஷேக் ரஷீத் பின் சயீத் அல் மக்தூம் கொடுத்த நிலத்தில் 1967இல் முதல் ஆலயம் எழுந்தது. இப்போதுள்ள கட்டடம் 1989இல் வந்தது. பிற சமயத்தவரான ஒருவர் அந்நியருக்கு இடம் கொடுத்ததால் கிடைத்த பலிபீடம் அது! 2022 ஜனவரி முதல் அரசு விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டாலும், நீண்ட கால வெள்ளிக்கிழமைத் திருப்பலிப் பழக்கம் மறையவில்லை. நம் பிள்ளை நண்பனை அங்கே அழைத்துப் போய், வெளியே தேநீர்க் கடையில் நாலு ஊர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கும்போது முகத்தில் தெரியும் பெருமையைச் சொல்லி முடியாது. ஆண்டு முழுவதும் பிறருக்குக் கீழ்ப்படிகிறவர் அன்று ஒரு நாள் வீட்டுக்காரராக நிற்கிறார். அதனால்தான் இத்தனை கஷ்டத்திலும் 'வாடா, வந்து பாரு' என்று கூப்பிடுகிறார்.

திரும்பும் நாளில் பெட்டி நிறையும். பால்பவுடர், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், தங்கைக்கு வாசனைத் திரவியம், அப்பாவுக்கு டார்ச் லைட். எடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துத் தன் காசில் கூடுதல் கட்டணமும் கட்டுவார். வழியனுப்பும்போது ஒரு வேண்டுகோள் வைப்பார்: "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிறாதல."

ஊர் வந்ததும் அந்தத் தாய் முதல் ஆளாக வந்து நிற்பார். "எப்படிய்யா இருக்கான் எம் பிள்ள?" பெரும்பாலும் "நல்லா இருக்காம்மா" என்ற ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது. அது பொய் அல்ல. ஆனால் அந்தப் பதிலை நம்பித்தான் இங்கே மாடி எழும்புகிறது, தங்கைக்குப் பவுன் கூடுகிறது, அவர் ஊர் திரும்பும் ஆண்டு தள்ளிப் போகிறது. அந்த அறையைக் கண்ணால் பார்த்தவர் ஊரில் இவர் ஒருவர்தான். நண்பனின் வெட்கத்தையும் காப்பாற்றவேண்டும், தாய்க்கு உண்மையும் போய்ச் சேரவேண்டும். கட்டிலைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா இருக்காம்மா. ஆனா அவனுக்கு அங்க தூக்கமே பத்தல. மாடியை இப்ப எடுக்க வேண்டாம், அவன் ஊருக்கு வந்த பெறவு பாத்துக்கலாம்" என்று மெல்லச் சொல்லலாம்.