பின்சீட்டு – 9: லெதர் வேண்டாம் என்ற கார்

டொயோட்டா செஞ்சுரியின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை இந்த வாரம் திறந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். 1967ல் வந்த முதல் தலைமுறை, ஏறக்குறைய அதே உருவத்தில் 30 வருடம் ஓடியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். எஞ்சினுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் சீட்டைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

ஐரோப்பிய சொகுசுக் காரின் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது லெதர் வாசனை. செஞ்சுரியில் சீட்டுக்குப் போர்த்தியிருப்பது கம்பளித் துணி. லெதர்தான் வேண்டும் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் காரின் அடையாளம் கம்பளிதான். காரணம், சத்தம். உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் அசைந்தாலும் லெதர் கிறீச்சிடும். கம்பளி வாய் திறக்காது. வெயிலில் நின்ற காரில் ஏறினால் தொடையைச் சுடாது, பனிக்காலத்தில் சில்லிடாது. நம் ஊர் அரசாங்க அம்பாசிடர்களின் பின்சீட்டில் வெள்ளைத் துவாலை விரித்திருப்பார்களே, முதுகுக்குத் துணிதான் சுகம் என்பது கோட்டைக்குப் போய்வந்த அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது.

பின்னால் உட்காருபவருக்காக இன்னொரு வேலையும் செய்திருக்கிறார்கள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முதுகுப் பகுதியில் நடுவே ஒரு துண்டை மடக்கித் திறக்கலாம். பின்சீட்டுக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளியில் காலை நீட்டிக்கொள்ளலாம். ஜன்னலுக்கு லேஸ் திரை வேறு.

இந்த வாரம் என்னை எழுந்திருக்க விடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. சகிச்சி டொயோடா பிறந்து நூறு வருடம் ஆனதை ஒட்டித்தான் இந்தக் காருக்கு செஞ்சுரி என்று பெயர் வைத்தார்கள். சகிச்சி கார் செய்தவர் இல்லை, தறி செய்தவர். 1867ல் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர், 1891ல் தன் கைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். 1924ல் வந்த அவருடைய ‘ஜி’ ரகத் தானியங்கித் தறி ஒரு அதிசயம். பாவில் ஒரே ஒரு இழை அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். நாடாவில் நூல் தீரப்போனால், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே புது நாடா வந்து உட்கார்ந்துகொள்ளும். பவர்லூம் சத்தத்தில் வளர்ந்த ஈரோடு, சேலம் வாசகர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. 1929ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அந்தத் தறிக்கான உரிமையை வாங்கியது. 1933ல் மகன் கீச்சிரோ, தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார்.

தறிக்காரர் நினைவாக வந்த காரில், ஜப்பானின் பெரிய மனிதர்கள் நெய்த துணி மேல் உட்கார்ந்து போகிறார்கள். இதைவிடப் பொருத்தமான சீட்டு எனக்குத் தோன்றவில்லை.

காரின் முகப்பில் டொயோட்டா சின்னம் கிடையாது, பீனிக்ஸ் பறவைதான். மூன்றாம் தலைமுறையில் அந்தப் பறவைக்கான அச்சைக் கையால் செதுக்க ஒரு கைவினைஞருக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகிறது. கறுப்பு பெயின்ட் ஏழு பூச்சு. இரண்டும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

எஞ்சினுக்கு மீதி இருக்கும் இடம் குறைவு. 1997ல் இரண்டாம் தலைமுறையோடு வந்த 5 லிட்டர் வி12 அது. ஜப்பானியர் தயாரித்து விற்ற கார்களில் வி12 பொருத்தியது இது ஒன்றில்தான். பக்கத்துக்கு ஆறு சிலிண்டர். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கட்டுப்பாடு. ஒரு பக்கம் கைவிட்டாலும் மறுபக்கத்தின் பலத்தில் வண்டி போய்ச் சேரும். இழை அறுந்ததும் நின்றுவிடும் தறியைச் செய்தவர் நினைவாக வந்த கார், பாதி எஞ்சின் போனாலும் நிற்காது!

இப்படிப்பட்ட எஞ்சினை விட்டுவிட்டு 2018ல் எட்டு சிலிண்டர் ஹைப்ரிடுக்கு மாறினார்கள். அந்தக் கதையும், 2019 நவம்பரில் சக்கரவர்த்தி நருஹிதோ ஊர்வலம் போன கூரையில்லாத செஞ்சுரியும் அடுத்த வாரம்.