கணவரின் ஓய்வூதியமும் உங்கள் நிக்காஹ் பத்திரமும்

உங்கள் கணவர் அரசாங்க உத்தியோகத்தரா? அப்படியானால் அவருடைய விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் உங்களுக்குத் தெரியுமா? அதற்காக மாதந்தோறும் அவரது சம்பளத்தில் ஒரு தொகை கழிக்கப்படுவதைப் பற்றிக்கூட பல வீடுகளில் மனைவிமார் கேள்விப்பட்டதில்லை.

ஆண் உத்தியோகத்தரின் மனைவி மக்களுக்கான இந்த ஏற்பாடு 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. பெண் உத்தியோகத்தரின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் 1983இல் தனிச்சட்டம் வந்தது. கணவர் மௌத்தானபின் உங்கள் கைக்கு வரவேண்டியது இந்த ஓய்வூதியம்தான். ஆனால் நீங்கள்தான் மனைவி என்பதை ஓய்வூதியத் திணைக்களத்துக்குப் பத்திரத்தால் காட்ட வேண்டும்.

இங்கேதான் நம் பெண்களுக்குச் சிக்கல். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவு செய்யவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. "ஓதியாகிவிட்டது, பதிவு எதற்கு?" என்று பெரியவர்கள் இருந்துவிடுவது இதனால்தான். மணமகன், வலி, நிக்காஹ் நடத்தி வைத்தவர் ஆகியோரே பதிவு செய்விக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவர்கள் செய்யாமல் விட்டதன் கஷ்டம் பின்னாளில் விதவையின் தலையிலேயே விழுகிறது. பதிவு இல்லாவிட்டால், கணவரும் சாட்சிகளும் இருக்கும்போதே விவாகப் பதிவாளரிடமோ காதியிடமோ போய் விசாரியுங்கள்.

வன்னி வீடுகளுக்கு இது இரட்டிப்புக் கவலை. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், நாச்சிக்குடா ஆகிய ஊர்களிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புத்தளம் பக்கம் போனார்கள். அலுமாரியிலிருந்த பத்திரங்களை யார் நினைத்தார்கள்? 2009இல் முடிந்த போரிலும் எத்தனையோ வீடுகளோடு பத்திரங்களும் போயின. விவாகம் பதியப்பட்டிருந்தால், பத்திரம் தொலைந்தாலும் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் பதிவாளர் நாயகம் திணைக்களம் இருக்கிறது.

பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடையாள அட்டையில் 'சித்தி பாத்திமா', நிக்காஹ் பத்திரத்தில் 'பாத்திமா பீவி', பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வெறும் 'பாத்திமா' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். கணவர் உயிரோடிருக்கும்போது இதைத் திருத்துவது எவ்வளவோ இலகு. நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கும்போது எந்தக் கந்தோருக்குப் போவீர்கள்?

தனியார் கடையிலோ ஆலையிலோ வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியம் உண்டு. 1958இன் சட்டப்படி இன்று ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தை எடுக்கலாம். கல்யாணத்துக்கு முன் உம்மாவின் பெயரை உரித்தாளியாகக் கொடுத்தவர் அதை மாற்றினாரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்! முதலாளி பணம் கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தையல், சில்லறைக் கடை என்று சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு 1996இன் சட்டத்தால் வந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

நோய் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. ஆனாலும் வெளியில் வாங்கும் மருந்து, பரிசோதனை, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வரும் வாகனச் செலவு என்று கை கடிக்கும். அரசாங்க உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' காப்புறுதி உண்டு. ஓய்வுபெற்றவர்களுக்கும் அது பின்னர் விரிவாக்கப்பட்டது. தனியார் துறையினருக்கு முதலாளி 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை போன்றவற்றுக்கு உதவுகிறது. கோரிக்கைகளுக்குக் காலக்கெடு இருப்பதால் பற்றுச்சீட்டையும் ஆஸ்பத்திரித் துண்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஓர் உறையில் போட்டு, பிரதிகளை வேறு ஊரிலுள்ள மகளிடமோ தங்கையிடமோ கொடுத்து வையுங்கள்.