அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு இப்பெங்களூர் நகரில் குடியேறிய நம் குடும்பத்தார், வாடகைக்கு வீடு பார்க்கும்போது கேட்கும் முதற் கேள்வி, "தண்ணீர் வசதி எப்படி?" என்பதாகும். "காவிரி வருகிறது, பெரிய சம்ப் இருக்கிறது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், மனநிறைவுடன் முன்பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம். அந்தச் சம்ப்பின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஒரே வளாகத்தில் ஆறாண்டுகள் வாழ்ந்தும் யாம் அதனுள் உற்று நோக்கியதில்லை. அந்த அசட்டையினால் எமக்கு நேர்ந்த துன்பத்தையும், அதன்பின் கற்ற பாடத்தையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூர் பேராற்றின் கரையில் அமைந்த நகரன்று. 1896-ஆம் ஆண்டில் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், பின்னர் 1933 முதல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் குழாய் நீர் பெற்ற இந்நகருக்கு, 1974-இல் காவிரி வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று நிலைகளில் இறைக்கப்பட்டு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறி அந்நீர் நம்மை அடைகிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் நீர் வழங்கும் திறனுடையது.

ஆயினும் பல தெருக்களில் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. நீர் நின்றதும் குழாய் வெறுமையாகிறது. வெறுமையான குழாயில் விரிசல் இருப்பின், அருகிலுள்ள கழிவுநீரை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றியபோது, லாரித் தண்ணீரையும் வாங்கி அதே சம்ப்பில் நிரப்பினோம். இவ்வாறு பல வழியாய் வந்த நீரெல்லாம் கூடும் இடம் நம் காலடியில் உள்ள அந்த இருண்ட தொட்டியே. அதிலிருந்து மாடித் தொட்டிக்கும், அங்கிருந்து குழாய்களுக்கும் செல்லும் நீரையே நாம் புழங்குகிறோம்.

எமது வளாகத்தில் ஆறு குடும்பங்கள். தமிழர் மூவர், கன்னடர் இருவர், தெலுங்கர் ஒருவர். சம்ப் அறுவருக்கும் பொது. பொது என்பதாலேயே அது எவருடையதும் அன்று என்றாயிற்று. "வீட்டுக்காரர் கழுவட்டும்" என்றனர் குடியிருப்போர். "குடியிருப்பவர்கள் கழுவட்டும்" என்றார் வீட்டுக்காரர். ஒருநாள் குழாய் நீரில் நாற்றம் வீசவே, யாம் கடைக்குச் சென்று பிளீச்சிங் பொடிப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து, மூடியைச் சற்றே நகர்த்தி, அப்படியே உள்ளே கொட்டினோம். மறுநாள் நாற்றம் மறைந்தது. அறுவர் வீட்டிலும் எம்மைப் பாராட்டினர். யாமும் பெருமிதம் கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து எம் ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கண்கள் மஞ்சளித்தன. மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து மஞ்சட்காமாலை என்றார். நீராலும் உணவாலும் பரவும் வகையென்றும், இதற்கெனத் தனி மருந்து இல்லையென்றும், ஓய்வும் தக்க உணவுமே வேண்டுமென்றும் கூறினார். "வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று வினவினார். சமையலறையில் நீர் வடிக்கும் இயந்திரம் உள்ளதெனத் தலைநிமிர்ந்து விடையிறுத்தோம். அப்போது எம் மனைவியார் மெல்லச் சொன்னார்: "ஆனால் பல் துலக்குவதும் வாய் கொப்பளிப்பதும் முற்றத்துக் குழாயில்தானே, டாக்டர்." யாம் தலை குனிந்தோம். அதே வாரத்தில் வளாகத்தின் வேறிரு பிள்ளைகளும் படுத்தனர். குழந்தை ஒரு மாதம் பள்ளி செல்லவில்லை, தேர்வும் தவறியது.

அந்த ஞாயிறன்று சம்ப்பின் மூடியை முழுதும் திறந்தோம். மூடியின் ஓரம் உடைந்திருந்தது. அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. சுவரெங்கும் கை வைத்தால் வழுக்கும் படலம். ஒரு மூலையில் செத்த கரப்பான்கள். பிளீச்சிங் பொடி போட்டோமே, பின்னர் ஏன் இந்நிலை என்று திகைத்து நின்றோம்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் எம் வளாகத்து மாடி அறையில் தங்கியிருக்கிறார். பீர் பானத்தைக் குழாய் வழியே ஊற்றித் தரும் மதுக்கூடமொன்றில், அக்குழாய்களைத் துலக்குவது அவர் பணி. தாமே பீர் காய்ச்சி விற்கும் கூடங்கள் இந்நகரில் பெருகியுள்ளமை யாவரும் அறிந்ததே. யாம் அதனை அருந்துவோரல்லோம்; ஆயினும் நல்லறிவை எவர் வாயிலாகக் கேட்டாலும் கொள்ளலாமன்றோ?

அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணா, அழுக்கின்மேல் மருந்தை ஊற்றினால் அழுக்குத்தான் மருந்தைக் குடிக்கும். கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது" என்றார். பிறகு தம் தொழிலை விளக்கினார். பீர் செல்லும் மெல்லிய குழாயின் உட்புறத்தில் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான படலமொன்றைக் கட்டுகின்றன. அதனடியில் அவை பாதுகாப்பாய் வாழ்கின்றன. ஆகவே இரு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலைக் குழாயில் சுழலவிட்டு, அப்படலத்தைக் கரைத்து, நல்ல நீரால் அலசி, குழாய் முனையைக் கழற்றித் தூரிகையால் தேய்க்கின்றனர். உப்புப் படிவை நீக்க அவ்வப்போது அமிலக் கரைசலையும் தனியே செலுத்துகின்றனர். கிருமிநீக்க மருந்து இவை யாவும் முடிந்த பின்னரே. துலக்குதல் வேறு, கிருமி நீக்குதல் வேறு. முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்வது வீண்.

இதனைக் கேட்டபோது எமக்கு எம் பாட்டனார் நினைவு வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை 1864-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையில், நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் பணிபுரிந்தவர் அவர். கொதிகலனுக்குள் படியும் உப்புப் பாறையை நீக்க, எஞ்சினைக் குறித்த முறைப்படி நிறுத்தி, அடைப்புகளைக் கழற்றி, கம்பியாலும் நீர்ப்பாய்ச்சலாலும் உட்புறத்தைக் கழுவுவார்களாம். அப்பேரனாகிய யாம் இரயில்வே அலுவலகத்தில் தாள் புரட்டியதன்றி அந்த ஒழுங்கைக் கற்றிலோம்!

பின்னர் யாம் கைக்கொண்ட முறையை இங்கே தருகிறோம். முதலாவதாக, நீர் வரும் நாளுக்கு முன்னாளைத் தேர்ந்து, இருப்பைச் செலவிட்டுக் குறைத்துக்கொள்க. எஞ்சிய நீர் தரை கழுவவும் செடிகளுக்கும் ஆகும். மோட்டாரின் மின் இணைப்பை முற்றிலும் துண்டிக்க.

இரண்டாவதாக, மூடியைத் திறந்து சில மணி நேரம் காற்றாட விடுக. இயன்றவரை நீண்ட கைப்பிடித் தூரிகையால் வெளியே நின்றே தேய்க்க. ஆழமான சம்ப்பாயின் அதற்குரிய கருவியும் பயிற்சியும் உடையோரையே அழைக்க. உள்ளே காற்றுக் குறைவால் மயங்கி வீழ்ந்து உயிரிழந்தோரும், அவரைத் தூக்க இறங்கி உடன் இறந்தோரும் உண்டு. ஒருவரைத் தனியே இறக்கிவிட்டு நாம் வீட்டினுள் அமர்ந்திருத்தல் பெரும் பிழை.

மூன்றாவதாக, சலவைச் சோடா கரைத்த நீர் கொண்டு மேற்புறம், சுவர், தரை என்ற வரிசையில் தேய்த்து, சேற்றை அகற்றி, இருமுறை அலசுக. மாடித் தொட்டிக்கும் இதுவே முறை. பிளாஸ்டிக் தொட்டியில் கம்பித் தூரிகை ஆகாது.

நான்காவதாகவே மருந்து. ஆறாயிரம் லிட்டர் சம்ப்பை நிரப்பி மருந்திட்டுக் கொட்டுவது தண்ணீருக்குத் தவிக்கும் இந்நகரில் தகாது. எனவே 10 லிட்டர் நீருக்கு 6 கிராம் வீதம் புதிய பிளீச்சிங் பொடியைக் கரைத்து, தெளிநீரை நீண்ட தூரிகையால் சுவரெங்கும் பூசி, அரைமணி நேரம் கழித்து அலசினாற் போதும். குழாய்களுக்காக, மாடித் தொட்டியில் 1000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் கலந்து, ஒவ்வொரு குழாயையும் மருந்து வாசனை வருமட்டும் திறந்து மூடி, ஒரு நாள் முழுதும் விட்டுவிடுக. அந்நாளில் எவரும் அந்நீரைப் பருகலாகாது. நீர் வடிக்கும் இயந்திரத்தின் இணைப்பை முன்னரே அடைத்துவிடுக. குளோரின் அதன் மெல்லிய சவ்வைக் கெடுக்கும். மறுநாள் அந்நீரைக் கழிவறை கழுவப் பயன்படுத்தி, வாசனை நீங்கும்வரை நல்ல நீரால் அலசுக. குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றித் துலக்க மறவற்க.

பிளீச்சிங் பொடியைக் கழிவறை கழுவும் அமிலத்துடன் ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சு வாயு எழும். நெடுநாள் திறந்து கிடந்த பொடி வலிமை இழந்திருக்கும். பின்னாளில் லாரி நீர் வாங்கினால், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பொடியைக் கரைத்துச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்குக் காய்ச்சிய நீரே நன்று.

ஊரில் நம் தாய்மார் குடத்தைப் புளியும் சாம்பலும் இட்டு நாள்தோறும் விளக்கிய பின்னரே நீர் மொண்டனர். குடம் கண்முன் இருந்தது, கறுத்தால் நாணினர். இன்று குடம் மண்ணுக்குள்ளும் மாடியின்மீதும் போய்விட்டது; ஆகவே நாணமும் போயிற்று. எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டியாரிடம் இதனைக் கூறியபோது, அவர்தம் ஊரிலும் செப்பு அண்டாவைப் புளியிட்டுத் தேய்ப்பதே வழக்கம் என்றார். முதன்முதலில் துடைப்பத்துடன் வந்து நின்றவரும் அவரே.

இப்போது ஆறு குடும்பத்தாரும் கூடி ஆறு திங்களுக்கு ஒருமுறை இப்பணியைச் செய்கிறோம். செலவைச் சமமாய்ப் பகிர்கிறோம். வீட்டுக்காரர் புதிய மூடி போட்டுத் தந்தார். கழுவிய நாளைச் சம்ப்பின் அருகே சுவரில் சுண்ணாம்பால் எழுதும் பொறுப்பை, நலம் பெற்ற எம் மகள் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். தமிழிலும் கன்னடத்திலும் எழுதுகிறாள்.

அன்பர்களே! இவ்விதழை மடித்து வைத்ததும் ஒருமுறை எழுந்து சென்று உங்கள் சம்ப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். பொடிப் பொட்டலத்தைப் பிறகு வாங்கலாம். முதலில் தூரிகையை எடுங்கள்.