திரொட்டில் பொடியைத் தூய்மை செய்தல்

பெற்றோல் இயந்திரம் எரிபொருளால் மட்டும் இயங்குவதன்று. ஒரு பங்கு பெற்றோல் முற்றும் எரிதற்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அக்காற்றை அளந்து விடும் வாயிலே திரொட்டில் பொடி என வழங்கும் உறுப்பாகும்.

வண்டி நிற்க இயந்திரம் மெல்ல ஓடும்பொழுது வாயிற்றகடு பெரும்பாலும் மூடியேயிருக்கும். ஓரத்து நுண்ணிய இடைவெளியாலேயே காற்றுச் செல்லும். இயந்திரத்தினின்று மீண்டு வரும் எண்ணெயாவி ஆங்குக் கரியாய்ப் படியின் இடைவெளி குறுகும், இயந்திரம் நடுங்கும், சிலவேளை நாற்சந்தியில் நின்றும் விடும். இதனையுணராது பிற உறுப்புக்களை மாற்றிப் பொருளிழப்பாருமுளர்.

வீட்டிலே தூய்மை செய்ய விரும்புவோர் திறந்த வெளியில், தீ அணுகாவண்ணம், இயந்திரம் ஆறியபின் தொடங்குக. பற்றரியின் எதிர்முனை இணைப்பையும் காற்றுக் குழாயையும் கழற்றுக. இதற்கென விற்கப்படும் திரவத்தில் நனைத்த மெல்லிய துணியால் தகட்டின் ஓரத்தையும் உட்சுவரையும் துடைக்க. கத்தியாற் சுரண்டலாகாது, மின்மோட்டார் இயக்கும் தகட்டை விரலால் வலிந்து தள்ளலுமாகாது, உள்ளேயுள்ள பற்சக்கரம் பழுதுறும்.

பின்னர் இயந்திரம் சற்று விரைந்தோடின் அஞ்சற்க. அழுக்கை ஈடுசெய்யத் தகட்டை மிகுதியாகத் திறந்து பழகிய கணினி, தூய்மைக்கு மீளப் பழகுதல் வேண்டும். சில வண்டிகளில் இது தானே நிகழும். ஏனையவற்றிற்கு வண்டியின் கைந்நூல் கூறும் முறையே துணையாகும்.