கோபுரம் விட்டுக் கோபுரம் பாயுமா கார்?

2015 ஏப்ரலில் வெளிவந்த 'ஃபியூரியஸ் 7' படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அபுதாபியின் எத்திஹாட் கோபுரங்களில் ஒன்றின் உச்சி மாடி. அங்கே ஒரு விருந்து நடக்கிறது. அதே மாடியில் நிற்கிறது ஒரு சிவப்பு நிறக் கார். கதாநாயகர்கள் இருவரும் அதில் ஏறிக்கொள்கிறார்கள். கார் சீறிப் பாய்ந்து கண்ணாடிச் சுவரை உடைத்து வெளியேறுகிறது. அந்தரத்தில் பறந்து அடுத்த கோபுரத்துக்குள் நுழைகிறது. பிரேக் பிடிக்கவில்லை. ஆகவே அங்கிருந்து மூன்றாவது கோபுரத்துக்கும் ஒரு பாய்ச்சல்!

2001இல் தொடங்கிய 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வரிசையில் இது ஏழாவது படம். இயக்கியவர் ஜேம்ஸ் வான். நம் சரவாக்கின் கூச்சிங் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். படம் உலகெங்கும் 150 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது.

திரையரங்கை விட்டு வெளியே வரும்போது எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது உண்மையில் நடக்குமா?" விடை காண நான்காம் படிவ இயற்பியல் போதும். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்றில் கார் என்ன செய்கிறது?

முதலில் ஒரு சின்னச் சோதனை. இரண்டு 20 சென் நாணயங்களை மேசை விளிம்பில் வையுங்கள். ஒன்றை விரலால் வேகமாகச் சுண்டி விடுங்கள். அதே நொடியில் மற்றதை விளிம்பிலிருந்து மெல்லத் தள்ளிவிடுங்கள். ஒன்று தூரத்தில் போய் விழும். மற்றது மேசைக்கு அருகிலேயே விழும். ஆனால் இரண்டும் தரையைத் தொடும் ஓசை ஒன்றாகவே கேட்கும்.

பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும், கீழே விழுவது அதனால் தாமதமாவதில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. தரையை விட்டு வெளியேறிய கணத்திலிருந்து காரும் அந்த நாணயத்தைப் போல விழத் தொடங்கிவிடும். முதல் ஒரு வினாடியில் 4.9 மீட்டர் இறங்கும். இரண்டு வினாடி முடிவில் 19.6 மீட்டர் இறங்கியிருக்கும்.

இரு கோபுரங்களுக்கும் இடையே 50 மீட்டர் இடைவெளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறினால், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் சென்றால், ஒரே வினாடியில் அக்கரை சேர்ந்துவிடும். ஒரு மாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கீழே இறங்கியிருக்கும். ஆக, பாய்ச்சல் மட்டும் என்றால் படம் சொல்வது அப்படி ஒன்றும் பொய்யில்லை!

ஓடுவதற்கு இடம் எங்கே?

சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. 180 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

படத்தில் வருவது 'லைக்கன் ஹைப்பர்ஸ்போர்ட்' என்ற கார். ஏழே ஏழு கார்கள்தான் தயாராகும் என்று அறிவிக்கப்பட்ட ரகம். விலை 34 லட்சம் அமெரிக்க டாலர். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 2.8 வினாடியில் எட்டும் என்று தயாரித்த நிறுவனம் சொல்கிறது.

எஞ்சின் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், காரை முன்னே தள்ளுவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுதான். சாதாரண டயரால் காரின் எடைக்கு ஏறக்குறைய சமமான விசையைத்தான் தரையிலிருந்து பெற முடியும். அதற்கு மேல் எஞ்சினை முடுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இந்த எல்லைக்குள் 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டக் குறைந்தது 127 மீட்டர் ஓட வேண்டும். விருந்து மண்டபத்தில் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது?

தாராளமாக 40 மீட்டர் இடம் தருவோம். தரை வழுக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். கார் எட்டக்கூடிய வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 28 மீட்டர். இந்த வேகத்தில் 50 மீட்டரைக் கடக்க 1.8 வினாடி பிடிக்கும். அதற்குள் கார் சுமார் 16 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். பக்கத்துக் கோபுரத்தைச் சென்றடையும்தான். ஆனால் நான்கு மாடி கீழே!

இன்னொன்றும் உண்டு. முன்சக்கரங்கள் விளிம்பைத் தாண்டிய பிறகும் பின்சக்கரங்கள் தரையில் இருக்கும். அந்தச் சிறு இடைவேளையில் காரின் முன்பக்கம் கவிழத் தொடங்கும். காற்றில் அந்தக் கவிழ்ச்சியை நிறுத்த எதுவும் இல்லை. மெதுவாகப் போனால் கவிழ்ச்சி இன்னும் கூடும். சண்டைக்காட்சிக் கலைஞர்கள் கார்களைச் சாய்வு மேடையில் ஏற்றிப் பாயவிடுவதற்கும், பின்பெட்டியில் பாரம் வைப்பதற்கும் இதுவே காரணம்.

இறங்குவதில்தான் ஆபத்து

சரி, எப்படியோ பறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 180 கிலோமீட்டர் வேகத்தில் சென்று ஒரே வினாடியில் சேர்ந்துவிட்டாலும், அந்த ஒரு வினாடியில் கார் கீழ்நோக்கி மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றிருக்கும். அந்த வேகம் தரையில் மோதி நின்றாக வேண்டும். காரின் அடிப்பகுதியும் அதிர்வுதாங்கிகளும் சேர்ந்து 20 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால், உள்ளே இருப்பவர் தம் எடையைப் போல் சுமார் 25 மடங்கு விசையை முதுகெலும்பில் உணர்வார்.

முன்னோக்கிய வேகம் இன்னும் மோசம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு கான்கிரீட் தூணில் மோதி, முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்றால், விசை உடல் எடையைப் போல் 67 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர்மீது 4 டன் ஏற்றியது போல.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. வேகம் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை. அந்த வேகம் எவ்வளவு குறுகிய தூரத்தில் பறிக்கப்படுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

படக்குழுவுக்கு இது நன்றாகவே தெரியும். கோபுரங்களுக்கு இடையே எந்தக் காரும் பறக்கவில்லை. படப்பிடிப்பு அரங்கில் கண்ணாடியை உடைத்துப் பாய்ந்த மாதிரிக் கார்களையும், அபுதாபியில் எடுத்த காட்சிகளையும் கணினியில் இணைத்தார்கள்.

அதே படத்தில் விமானத்திலிருந்து கார்கள் குதிக்கும் காட்சி வருகிறதே, அது மட்டும் பெரும்பாலும் நிஜம். சி-130 ரக விமானத்தில் கார்களை ஏற்றி, சுமார் 12,000 அடி உயரத்தில் தள்ளிவிட்டார்கள். தலைக்கவசத்தில் கேமரா பொருத்திய வான்குதிப்பு வீரர்கள் கூடவே விழுந்து படம் பிடித்தார்கள். ஆனால் அந்தக் கார்களுக்குள் ஒருவர்கூட இல்லை. பெரிய பாராசூட் விரிந்தாலும் தரையைத் தொடும்போது என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சாலையில் இறங்கும் காட்சியைத் தனியாக எடுத்தார்கள்.

சாலையில் ஒளிந்திருக்கும் உயரம்

உச்சி மாடியிலிருந்து ஒரு கார் பாய்வதைப் பார்த்தால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அப்படி எதுவும் தோன்றுவதில்லை. இயற்பியலுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான்.

வேகத்தை உயரமாக மாற்றிப் பார்க்க எளிய வழி உண்டு. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். வரும் விடையை 250ஆல் வகுத்துவிடுங்கள். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

50 கிலோமீட்டர்: 10 மீட்டர். மூன்று மாடி.

100 கிலோமீட்டர்: 40 மீட்டர். பதின்மூன்று மாடி.

110 கிலோமீட்டர்: 48 மீட்டர். பதினாறு மாடி.

வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காவதைக் கவனித்தீர்களா? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பாடநூலில் படிப்பது இதைத்தான். பதின்மூன்றாவது மாடியில் தடுப்புச் சுவர் இல்லாத மாடத்தின் ஓரத்தில் நிற்க யாராவது துணிவோமா? 100 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகும் காரை ஒட்டிக்கொண்டு போகும்போது நாம் அங்கேதான் நிற்கிறோம்.

அந்த வேகத்தில் அபாயத்தைக் கண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 42 மீட்டர் ஓடியிருக்கும். பிறகு நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தாலும் நிற்க இன்னும் 40 மீட்டராவது வேண்டும். மழை நாளில் இது மேலும் நீளும்.

2013 நவம்பர் 30

கோபுரம் தாண்டும் காரில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாத்திரம் பிரையன். அந்த வேடத்தில் நடித்தவர் பால் வாக்கர். படப்பிடிப்பு முடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

சண்டைக்காட்சி எடுக்கும்போது நேர்ந்த விபத்தல்ல அது. படப்பிடிப்புக்கு விடுமுறை. ஹையான் புயலால் பாதிக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களுக்காக, கலிஃபோர்னியாவில் தம்முடைய அறநிறுவனம் நடத்திய நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். அங்கிருந்து நண்பர் ஓட்டிய அதிவேகக் காரில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றார். வளைவான ஒரு சாலையில் கார் கட்டுப்பாட்டை இழந்து விளக்குக் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பற்றியது. இருவரும் இறந்தனர். வாக்கருக்கு வயது 40.

அந்தச் சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். கார் சென்ற வேகம் 80 முதல் 93 மைல், அதாவது சுமார் 129 முதல் 150 கிலோமீட்டர் என்று அதிகாரிகளின் விசாரணை அறிக்கை கூறியது. அளவுமீறிய வேகமே விபத்துக்குக் காரணம் என்றும், ஒன்பது ஆண்டுப் பழைய டயர்கள் காரின் பிடிமானத்தைப் பாதித்திருக்கலாம் என்றும் அது குறிப்பிட்டது.

நம் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 72 கிலோமீட்டர் என்றால் சுமார் 20 மீட்டர் உயரம். அதைப் போல் இரு மடங்கான 144 கிலோமீட்டர் என்றால் 80 மீட்டருக்கு மேல். வளைவிலும் இதே விதிதான். வேகம் இரு மடங்கானால், காரை வளைவுக்குள் பிடித்து வைக்க டயருக்கு நான்கு மடங்கு உராய்வு தேவை. அது கிடைக்காவிட்டால் கார் வளையாது; நேராகப் போய்விடும்.

நம் கையில் இருப்பவை

இருக்கை வாரும் காற்றுப்பையும் நாம் நிற்கும் தூரத்தைக் கூட்டித் தரும் கருவிகள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது, வார் அணிந்தவர் காரின் முன்பகுதி நசுங்கும் தூரத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் நிற்கிறார் என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ள அவர்மீது விழுவது சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான விசை. வலிக்கும், ஆனால் தாங்கலாம். வார் அணியாதவர் அதே வேகத்தில் பறந்து முன்னிருக்கையில் மோதி 10 சென்டிமீட்டரில் நின்றால், அது 6 டன் ஆகிவிடும். அந்த 6 டன்னை முன்னால் இருப்பவரும் சேர்ந்து தாங்க வேண்டியிருக்கும். மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் பின்னிருக்கையிலும் வார் அணிவது கட்டாயமாக இருப்பதன் காரணம் புரிகிறதல்லவா?

ஆனால் இந்தக் கருவிகளுக்கும் எல்லை உண்டு. மூன்று மாடியிலிருந்து காப்பாற்றுவது இருபத்தேழாவது மாடியிலிருந்தும் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது.

டயரையும் ஒரு முறை பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மேலே உள்ள வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கும்.

வாக்கர் இறந்த பிறகு அவருடைய தம்பிமார் இருவர் அவருக்குப் பதிலாகக் கேமரா முன் நின்றார்கள். நியூசிலாந்தின் 'வெட்டா டிஜிட்டல்' நிறுவனம், பழைய காட்சிகளையும் கணினியில் உருவாக்கிய முகத்தையும் கொண்டு சுமார் 350 காட்சித் துண்டுகளில் அவரைச் சேர்த்தது. படத்தின் முடிவில் இரண்டு கார்கள் சற்று நேரம் இணையாகச் செல்கின்றன. பிறகு சாலை இரண்டாகப் பிரிகிறது. திரையரங்கில் பலர் கண் கலங்கினார்கள். அந்தக் காட்சியில் கார்கள் பறக்கவில்லை, எதிலும் மோதவில்லை. மிதமான வேகத்தில் சாலையில் போகின்றன, அவ்வளவுதான்.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் செல்லும்போது வேகமானியைப் பார்த்து, எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் அப்பா இருந்தால், விடையை அவரிடமும் சொல்லுங்கள்.